சிலோன் தேயிலையில் ஒரு சூரியக் கலம்

மலைநகர் விஞ்ஞானம்: வரலாற்றுத் தொடர் – 12

சென்ற இதழை விக்டோரியா அணைக்கட்டின் மேல் நிறுத்தியிருந்தோம். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டதையும், 1985 ஏப்ரலில் 122 மீற்றர் உயர வளைசுவரோடு விக்டோரியா திறக்கப்பட்டதையும், அதன் 210 மெகாவோற்றோடு கொத்மலையும் சேர்ந்துகொண்டதையும் பார்த்தோம். அந்தப் பத்தாண்டில் கண்டியைச் சுற்றிய மலைகளில் விழுந்த மழைதான் நாடு முழுவதும் விளக்காக எரிந்தது. 1995இல் இலங்கையின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே வந்தது.

அடுத்த ஆண்டு மழை ஏமாற்றியது.

1996இன் மின்வெட்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். நாளுக்குப் பல மணிநேரம் இருட்டு. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மறுபடியும் குப்பி விளக்கைத் தேடி எடுத்தார்கள். நீர்த்தேக்கங்களின் அடியில் முன்னர் மூழ்கிப்போன வீதிகளின் தடங்கள் வெயிலில் தெரிந்தன. வெயிலுக்கு மட்டும் குறைவே இல்லை. வானத்தில் எரிந்த அந்த நெருப்பை ஒரு விளக்குக்குள் கொண்டுவர முடியாதா என்ற கேள்வி சாதாரண மனிதர் மனத்திலும் எழுந்த ஆண்டு அது.

அந்தக் கேள்விக்கு ஒரு சிறிய, விநோதமான பதில் அதற்குச் சில மாதங்கள் முன்பே அச்சேறியிருந்தது. கண்டியின் ஹந்தானை மலைச்சரிவிலிருந்து போன அந்தப் பதிலை உள்ளூரில் வாசித்தவர்கள் மிகச் சிலரே.

ஹந்தானை வீதியில் ஒரு நிறுவனம்

கண்டி வைத்தியசாலைப் பக்கமிருந்து ஹந்தானை வீதி மேலேறுகிறது. ஏற ஏற நகரத்தின் இரைச்சல் கீழே தங்கிவிடும். சற்றுத் தூரத்தில் அடிப்படைக் கற்கைகள் நிறுவனம்; இன்றைய பெயரில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம். அதையும் தாண்டிப் போனால் தேயிலை மலைகள், லயன்கள், 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இன்று இயங்கும் தேயிலை நூதனசாலை. இந்த அத்தியாயத்தின் கதைக்கு இந்த வீதியின் இரண்டு முனைகளும் வேண்டும். ஆய்வுகூடமும் தேயிலையும் இங்கே அயலவர்கள்.

நிறுவனம் 1981இல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவானது. தொடக்கத்தில் வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க அதன் பணிப்பாளராக இருந்தார். 1984இல் பொறுப்பேற்றவர் சிரில் பொன்னம்பெரும. காலியில் பிறந்த அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துப் பட்டம் பெற்றவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. மெய்யியலில் தொடங்கியவர் லண்டனில் ஜே. டி. பேர்னாலிடம் போய் இரசாயனம் கற்றார். பிறகு பேர்க்லியில் மெல்வின் கல்வினின் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். உயிர் எப்படித் தோன்றியது என்ற பழைய மெய்யியல் கேள்வியைச் சோதனைக் குழாய்க்குள் கேட்டவர் அவர். நாசாவில் சந்திர மண்ணை ஆராய்ந்தார். 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்டறிந்த குழுவிலும் இருந்தார்.

கல்வின் யார் என்பதையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். இலை காற்றின் காபனீரொட்சைட்டைச் சர்க்கரையாக்கும் வழியைப் படிப்படியாக வரைந்து 1961இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒளியை வாங்கி வேலை செய்யவைக்கும் வித்தையில் இலைதான் ஆதி ஆசான். அந்த ஆசானின் மாணவருக்கு மாணவர் தலைமை தாங்கிய நிறுவனத்தில்தான், இலையைப் போலவே சாயத்தால் ஒளியைப் பிடிக்கும் கலமொன்று பின்னர் உருவாயிற்று. தற்செயல்தான், ஆனாலும் மனத்துக்கு இதமான தற்செயல்.

நியூத்திரினோவை விட்டுச் செம்புக்கு வந்தவர்

இந்த அத்தியாயத்தின் நாயகர் கீர்த்தி தென்னக்கோன். அவர் இரசாயனவியலாளராகத் தொடங்கவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் துணிக்கைப் பௌதிகம் படித்தார். நியூத்திரினோ என்னும் மிக நுண்ணிய துணிக்கைக்குத் திணிவு இருந்தால் என்ன நேரும் என்று 1970களின் தொடக்கத்தில், சந்தீப் பக்வாசாவுடன் சேர்ந்து கட்டுரைகள் எழுதியவர். நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டு என்று பரிசோதனைகள் நிரூபிக்க அதன் பிறகு கால் நூற்றாண்டு ஆயிற்று.

நாடு திரும்பி மாத்தறை ருகுணு பல்கலைக்கழகத்திலும் பிறகு ஹந்தானையிலும் பணிபுரிந்தார்; பின்னாளில் நிறுவனத்தின் பணிப்பாளருமானார். துணிக்கைப் பௌதிகத்துக்கு வேண்டிய பிரமாண்ட இயந்திரங்கள் இந்த நாட்டில் இல்லை. வெயில் இருந்தது. செம்பு இருந்தது. பூ இருந்தது. கையில் இருப்பதைக்கொண்டு உலகத் தரமான கேள்வியொன்றைக் கேட்பது எப்படி என்பதே அவருடைய பிற்கால ஆய்வுகளின் ஓட்டம். 1980களிலேயே செப்பு தயோசயனேற்று என்ற வெண்ணிற உப்பின் மீது சாயம் ஏற்றி, ஒளி பட்டால் மின்னோட்டம் வருகிறதா என்று அவரும் சகாக்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணக்கார ஆய்வுகூடங்கள் அந்த உப்பைத் திரும்பியும் பாராத காலம் அது.

இலையின் வேலையைக் கண்ணாடி செய்தால்

1991இல் சுவிற்சர்லாந்தின் லோசானிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மைக்கல் கிரெட்சலும் பிரையன் ஓரீகனும் எழுதியது. அது சூரியக் கலத்தின் வரலாற்றையே திருப்பிப் போட்டது.

சாதாரண சிலிக்கன் கலத்தில் ஒளியை வாங்குவதும் மின்னைக் கடத்துவதும் ஒரே பொருள். ஆகவே அந்தப் பொருள் மாசற்றதாக இருக்க வேண்டும், மாசகற்றச் செலவாகும். கிரெட்சல் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்தார். ஒளியை வாங்கும் வேலை சாயத்துக்கு. இலத்திரனைச் சுமக்கும் வேலை தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு. இரண்டாவது பெயர் மிரட்டினாலும் பொருள் நமக்குப் பழக்கமானதுதான்: சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்றின் வெண்மை அதனாலேயே வருகிறது.

கட்டியாக இருந்தால் அதன் மேல் ஒட்டும் சாயம் கொஞ்சந்தான். நனோ என்ற சொல் உள்ளே வருவது இந்த இடத்தில். ஒரு தலைமயிரின் தடிப்பில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும் துகள்களாக அதை ஆக்கி, கண்ணாடி மீது பூசிச் சுட்டெடுத்தால், கடற்பஞ்சு போன்ற படலம் கிடைக்கும். கண்ணுக்கு ஒரு சதுர சென்ரிமீற்றராகத் தெரியும் இடத்துக்குள், அந்தப் பஞ்சின் துவாரங்களை எல்லாம் விரித்துப் பார்த்தால், ஆயிரம் மடங்கை நெருங்கும் பரப்பு இருக்கும். அத்தனை பரப்பிலும் சாயம் ஒட்டும். லோசான் கலம் 7 வீதத்துக்கு மேல் வினைத்திறன் காட்டியது. மலிவான பொருளில் அது பெரிய எண்.

ஆனால் ஒரு குறை. ஒளி பட்டதும் சாயம் ஓர் இலத்திரனை வெள்ளைப் பஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த இடம் காலியாகிறது. அதை யாராவது நிரப்பாவிட்டால் சாயம் மறுமுறை வேலை செய்யாது. நிரப்பும் வேலையை லோசான் கலத்தில் அயடீன் கரைந்த ஒரு திரவம் செய்தது. திரவம் என்றால் ஆவியாகும். மூட்டு விட்டால் கசியும். அயடீன் உலோகத்தை அரிக்கும். சுவிஸ் குளிரில் சமாளிக்கலாம். நமது கூரை ஓட்டின் சித்திரை வெயிலில்?

உப்பை ஊற்றிய கதை

ஹந்தானையின் பதில் இதற்குத்தான். திரவத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு திண்மத்தை வைத்தார்கள். அது செப்பு அயடைட்டு.

பேராதனைக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன் ஆசனத்திலிருந்து ஒருவர் எழுந்து இறங்குகிறார். பின்னால் இருப்பவர் அந்த இடத்துக்கு நகர்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர் அவருடைய இடத்துக்கு. ஆட்கள் முன்னோக்கி வர, காலியிடம் பின்னோக்கிப் போய்க் கடைசி வரிசையை அடைகிறது. செப்பு அயடைட்டு இப்படிக் காலியிடத்தைக் கடத்தும் குறைகடத்தி. பௌதிகத்தில் இந்தக் காலியிடத்துக்குத் துளை என்று பெயர். சாயத்தில் விழுந்த துளையை வாங்கிக் கலத்தின் மறுபக்கத்துக்கு இது கொண்டுபோய்விடும். திரவம் தேவையில்லை.

செய்முறை ஆடம்பரமற்றது. செப்பு அயடைட்டை அசெற்றோநைத்திரைல் என்ற கரைப்பானில் கரைத்தார்கள். சாயமேற்றிய கண்ணாடித் தட்டைச் சூடாக வைத்துக்கொண்டு அந்தக் கரைசலை மேலே விட்டார்கள். கரைப்பான் ஆவியாகிப் போக, உப்பு பஞ்சின் துவாரங்களுக்குள் இறங்கி உறைந்தது. எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் இருக்கக்கூடிய சூடாக்கும் தட்டு, கொஞ்சம் பொறுமை. 1995இல் தென்னக்கோனும் ஜீ. ஆர். ஏ. குமாரவும் மற்ற சகாக்களும் இதைப் பிரித்தானியச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். சாயமேற்றிய நனோ துவாரப் படலத்தில் திரவமில்லாமல் இயங்கும் கலம் என்ற எண்ணத்துக்கு உலக இலக்கியத்தில் அந்தக் கட்டுரை இன்றும் முதல் மேற்கோள்களில் ஒன்று.

அந்தக் கலத்தின் சாயம் எங்கிருந்து வந்தது? பூவிலிருந்து. சயனிடின் என்ற சிவப்பு நிறப்பொருள்; நம் வீட்டு வேலியோரத்துச் செவ்வரத்தையின் நிறமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. லோசான் கலத்துச் சாயத்தில் ருத்தேனியம் என்ற அரிய உலோகம் இருந்தது. கண்டியில் பூவைப் பிழிந்தார்கள்.

பூவுடன் அவர்கள் நிற்கவில்லை. செஞ்சந்தன மரத்தின் சந்தலின் என்ற நிறப்பொருளையும் சோதித்தார்கள். 1996இல் வந்த கட்டுரையொன்றின் சாயம் எந்த மலைநாட்டு வாசகரையும் புன்னகைக்க வைக்கும்: சிலோன் கறுப்புத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த தனின்.

கழுவாமல் வைத்த தேநீர்க் கோப்பையின் உட்புறத்தில் கபில நிறக் கறை பிடிப்பதை எல்லோரும் அறிவோம். விரலால் தேய்த்தால் போகாது. தனின் எதையாவது பற்றிக்கொண்டால் விடாது. அதன் மூலக்கூற்றில் பக்கம் பக்கமாக நிற்கும் ஐதரொட்சில் கூட்டங்கள் இரண்டும் நண்டின் கொடுக்குப் போலத் தைத்தேனியம் அணுவை இறுகக் கவ்வுகின்றன. சயனிடினுக்கும் இதே கொடுக்கு உண்டு. சாயம் நன்றாகக் கவ்வினால்தான் இலத்திரன் சாயத்திலிருந்து பஞ்சுக்குள் தடையின்றித் தாவும். கோப்பையில் நாம் திட்டிக்கொண்டே தேய்க்கும் குணம் ஆய்வுகூடத்தில் வேண்டிய குணமாயிற்று.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அப்பால் லூல்கந்துரவில் தேயிலை நட்டதை இத்தொடரின் தொடக்கத்தில் எழுதினேன். அந்தச் செடியோடு வந்த சனத்தின் கதையையும் எழுதினேன். ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து, அதே செடியின் சாறு ஒரு கண்ணாடித் துண்டில் வெயிலை மின்னாக்கியது. மிகச் சிறிய மின்னோட்டந்தான். அதனால் எந்த லயத்திலும் ஒரு விளக்கு எரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பளிங்கு பெருத்தது

ஏன் எரியவில்லை? இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசினால் அது வரலாறாகாது.

முதற் காரணம் இரசாயனத்தில் இருந்தது. செப்பு அயடைட்டு உறையும்போது அதன் பளிங்குகள் பெருத்துவிடும். துவாரத்தைவிடப் பளிங்கு பெரிதானால் உள்ளே இறங்காது. சாயத்தோடு தொடுகை விட்டுப்போகும். நாட்கள் செல்லச் செல்லக் கலம் சோர்ந்துவிடும். பூச்சாயங்களும் வெயிலில் வெளிறும். துணி வெளிறுவதைப் போலத்தான்.

பளிங்குக்கு ஒரு மருந்து கிடைத்தது. குமார ஜப்பானின் ஷிசுவோக்காப் பல்கலைக்கழகத்தில் அகினோரி கொன்னோவின் குழுவோடு பணியாற்றிய காலத்தில், கரைசலில் தயோசயனேற்று உப்பொன்றைச் சிறிதளவு சேர்த்தால் பளிங்கின் வளர்ச்சி அடங்குகிறது என்று கண்டார்கள். 2002இல் வெளியான அந்தக் கட்டுரையில் தென்னக்கோனின் பெயரும் இருந்தது. இடையில், 1999இல், வெள்ளீய ஒட்சைட்டையும் நாக ஒட்சைட்டையும் கலந்து நல்ல வினைத்திறன் உள்ள கலமொன்றையும் ஹந்தானைக் குழு செய்து காட்டியிருந்தது. தனித்தனியாகச் சுமாரான இரண்டு பொருட்கள் சேர்ந்தபோது சிறந்தவையாயின.

இரண்டாவது காரணம் சந்தையில் இருந்தது. சீனத் தொழிற்சாலைகள் சிலிக்கன் பலகைகளை மலைபோலக் குவித்தன, விலை சரிந்தது. மலிவு என்பதே சாயக் கலத்தின் வாதம். சிலிக்கன் மலிந்ததும் அந்த வாதத்தின் காலே முறிந்தது. அறைக்குள்ளிருக்கும் மங்கிய ஒளியில் இயங்கும் சிறு கருவிகளுக்கே சாயக் கலம் இன்று பெரும்பாலும் பயன்படுகிறது.

இத்தோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்த நேரத்தில், வேறொரு வாசலால் அது திரும்பி வந்தது. 2009இல் ஜப்பானில் சுத்தோமு மியாசாக்காவின் குழு, சாயத்தின் இடத்தில் பெரொவ்ஸ்கைற் என்ற பளிங்குப் பொருளை வைத்துப் பார்த்தது. வினைத்திறன் 3.8 வீதம். கலமோ நிமிடக் கணக்கில் கெட்டது, ஏனென்றால் அதிலிருந்த திரவம் அந்தப் பளிங்கையே கரைத்துவிட்டது. தீர்வு என்ன? திரவத்தை நீக்கித் துளையைக் கடத்தும் திண்மமொன்றை வைப்பது. 1998இல் கிரெட்சலின் குழுவே சாயக் கலத்துக்குப் பயன்படுத்திய சேதனச் சேர்வையொன்றை 2012இல் பெரொவ்ஸ்கைற்றோடு சேர்த்ததும் வினைத்திறன் 10 வீதத்தை எட்டிப்பிடித்தது. இன்று ஆய்வுகூடங்களில் 26 வீதத்தையும் தாண்டிவிட்டது.

அந்தச் சேதனச் சேர்வை விலை கூடியது. மலிவான மாற்றுத் தேடியவர்கள் எதை எடுத்தார்கள் தெரியுமா? 2014இல் அமெரிக்காவில் பிரசாந்த் காமத்தின் குழு செப்பு அயடைட்டை எடுத்தது. 2017இல் லோசான் குழு செப்பு தயோசயனேற்றைக் கொண்டு 20 வீதத்துக்கு மேல் பெற்றது. ஹந்தானையிலும் மாத்தறையிலும் ஏழ்மையின் காரணமாகக் கையிலெடுத்த இரண்டு செப்பு உப்புகளும் உலகத்தின் செல்வமிக்க ஆய்வுகூடங்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.

பகலைப் பிடித்தால் போதுமா?

ஹந்தானையில் பூவைப் பிழிந்த அதே காலத்தில் மலைக்குக் கீழே, மகாவலிக் கரையில், மின்னைச் சேமிக்கும் மறுபாதி வேலை நடந்துகொண்டிருந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் லக்ஷ்மன் திசாநாயக்கவும் எம். ஏ. கரீமும் திண்மத்துக்குள் அயன்கள் எப்படி நகர்கின்றன என்று ஆராய்ந்தார்கள். உப்பு தண்ணீரில் கரைந்தால் அயன்கள் ஓடும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். பிளாஸ்ரிக் போன்ற திண்மத்துக்குள்ளும் ஓடும் என்று 1970களில் ஷெபீல்டில் பீற்றர் ரைற் காட்டினார். அப்படி ஓடினால் கசியாத மின்கலம் செய்யலாம். ஹந்தானையில் தேடியது கசியாத சூரியக் கலம். பேராதனையில் தேடியது கசியாத மின்கலம். மலையின் மேலும் கீழும் ஒரே கவலை.

சுவீடனின் உப்சாலாவிலிருந்து இயங்கும் சர்வதேச விஞ்ஞானத் திட்டம் பேராதனைக் குழுவுக்கு நீண்டகாலம் கைகொடுத்தது. கொத்தன்பேர்க்கின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெங்ட் எரிக் மெலண்டரின் ஆய்வுகூடம் இங்கிருந்து போன மாணவர்களுக்கு இரண்டாவது வீடானது. 1996 டிசம்பரில் திண்மநிலை அயனியல் பற்றிய ஐந்தாவது ஆசிய மாநாடு கண்டியில் கூடியது. ஆண்டைக் கவனியுங்கள். மின்வெட்டில் நாடு தவித்த அதே ஆண்டின் கடைசி மாதத்தில், மின்னைச் சேமிப்பது பற்றி ஆசியாவின் விஞ்ஞானிகள் கண்டியில் உட்கார்ந்து பேசினார்கள்.

பின்னாளில் திசாநாயக்க மலையேறி ஹந்தானை நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டு ஆறுகளும் அங்கே கலந்தன. பேராதனையில் கற்ற பல்பகுதிய வித்தையைக்கொண்டு, சாயக் கலத்தின் திரவத்தைக் களி போல இறுக்கினார்கள். அதில் ஒருவகை அயடைட்டு உப்பைப் போடாமல், சிறிய நேரயன் உள்ள ஒன்றையும் பெரிய நேரயன் உள்ள ஒன்றையும் அளவறிந்து கலந்தால் கலத்தின் வினைத்திறன் கூடுகிறது என்பது அந்தக் குழுவின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. சமையலில் இரண்டு புளி சேர்க்கும் கைப்பக்குவம் போன்றது அது.

இரண்டு மண்ணின் பயணம்

இனி ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்து நிலத்தைப் பார்ப்போம். இந்தக் கலங்களுக்கு வேண்டிய இரண்டு மூலப்பொருட்கள் இந்தத் தீவின் மண்ணிலேயே கிடக்கின்றன.

ஒன்று, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கருமணல். அதிலுள்ள இல்மனைற்று தைத்தேனியத்தின் தாது. 1957இல் இதற்கென்று அரசுக் கூட்டுத்தாபனம் ஏற்பட்டது. அன்றிலிருந்து பெரும்பாலும் நடப்பது மணலைப் பிரித்துக் கப்பலில் ஏற்றுவது. வெளிநாட்டில் அது வெள்ளைத் தூளாகிப் பல மடங்கு விலையில் பெயின்றாகத் திரும்பி வரும். புல்மோட்டை மணலிலிருந்து நனோ அளவிலான தைத்தேனியம் ஈரொட்சைட்டைச் செய்யும் வழிகளைப் பேராதனை இரசாயனவியல் துறையின் ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். வழி ஏட்டில் இருக்கிறது. மணல் கப்பலில் போகிறது.

மற்றது காரீயம் (கிரபைற்று). கண்டிக்கு மேற்கே கேகாலை மாவட்டத்தில் போகல, வடமேற்கே குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ. பாறை வெடிப்புகளுக்குள் நாளங்களாகப் படிந்த இந்தக் காரீயத்தில் 95 வீதத்துக்கு மேல் காபனே. இத்தகைய நாளக் காரீயம் வணிக அளவில் அகழப்படுவது உலகிலேயே இலங்கையில்தான். முதலாம் உலகப் போரில் உலோகம் உருக்கும் மூசைகளுக்கு இது தேவைப்பட்டது. 1916இல் 33,000 தொன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் தந்தையார் காரீயத்தில் பணம் பண்ணியவர். இன்னோர் அரசியல் குடும்பமான கொத்தலாவல குடும்பத்துக்குக் கஹட்டகஹச் சுரங்கம் இருந்தது. நாட்டின் அரசியலுக்கே காரீயத் தூள் படிந்த கைகள் உண்டு. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. இப்போதைய உற்பத்தி சில ஆயிரம் தொன்தான்.

அந்தக் காரீயத்தை இன்று உலகம் வேறு காரணத்துக்காகத் தேடுகிறது. கைபேசியிலும் மின்காரிலும் இருக்கும் இலிதியம் மின்கலத்தின் ஒரு மின்வாய் காரீயம். காபன் தாள்களின் அடுக்குகளுக்கு நடுவே இலிதியம் போய் ஒதுங்குகிறது: ஆறு காபன் அணுக்களுக்கு ஓர் இலிதியம். ஆகவே பெயர் இலிதியத்துக்கு இருந்தாலும் எடையில் காரீயமே பல மடங்கு அதிகம். அந்தத் தாள்களில் ஒன்றை மட்டும் உரித்தெடுத்தால் அதுதான் கிரபீன். 2004இல் மான்செஸ்ரரில் கைமும் நோவோசெலோவும் ஒட்டும் நாடாவால் உரித்து எடுத்து 2010இல் நோபல் பெற்றார்கள்.

நமது காரீயம் தூய்மையானதுதானே, அப்படியே மின்கலத்தில் போடலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. மின்கலத்துக்கு 99.95 வீதத் தூய்மை வேண்டும். துகள்களை உருட்டி உருண்டையாக்க வேண்டும். மேற்பரப்பைப் பதப்படுத்த வேண்டும். இலங்கைக் காரீயத்தை அரைத்தும் இரசாயன முறையில் பக்குவப்படுத்தியும் இலிதியத்தை ஏற்கவைக்கும் ஆய்வுகளைப் பேராதனையைச் சேர்ந்தவர்கள் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2000களிலேயே வெளியிட்டார்கள். ஹந்தானையிலும் அது தொடர்கிறது. அரைக்கும் ஆலையும் உருட்டும் ஆலையும் பெரும்பாலும் சீனத்தில்.

வடக்கிலிருந்து வந்த பாதை

இந்த மலைக்கதைக்கு ஒரு வடக்குக் கிளையும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் பு. ரவிராஜன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெனி நெல்சனின் குழுவில் ஆய்வு செய்தவர். நனோ அளவிலான ஒட்சைட்டையும் மின்கடத்தும் பல்பகுதியத்தையும் இணைக்கும் கலப்புக் கலங்கள் அவருடைய துறை. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கும் பேராதனைக்கும் நோர்வேயின் பேர்கன் நகருக்கும் இடையே ஒரு முக்கோணப் பாதை திறந்தது. தூய சக்திக்கான நனோ பொருட்கள் என்பதையே தலைப்பாகக் கொண்ட அந்தக் கூட்டுத் திட்டத்தின் நோர்வே முனையில் நிற்பவர், மேற்கு நோர்வேப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை. மாணவர்கள் யாழ்ப்பாணத்தில் படலம் பூசினார்கள், பேராதனையில் அளந்தார்கள், பேர்கனில் கணித்தார்கள். ஒரே தீவில் இருந்தும் பல ஆண்டுகள் ஒருவர் வாசலை ஒருவர் எளிதில் மிதிக்க முடியாதிருந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இது சிறிய காரியமில்லை.

புத்தாண்டு வெயில்

2016இல் அரசு கூரைச் சூரியத் திட்டத்தைத் தொடங்கியது. கண்டியிலும் மலைச்சரிவு வீடுகளின் கூரைகள் நீலப் பலகைகளால் நிறைந்தன. அந்தப் பலகைகள் பெரும்பாலும் இறக்குமதி.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஒரு வேடிக்கை நடந்தது. அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மூடியிருந்தன; மின் தேவை விழுந்துவிட்டது; வெயிலோ உச்சத்தில். கூரைகளிலிருந்து வந்த மின்னை வலையமைப்பால் தாங்க முடியாது, பகலில் பலகைகளை நிறுத்தி வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. 1996இல் மின் இல்லாமல் இருட்டில் இருந்த நாடு, 2025இல் மின் மிஞ்சிப்போய்ப் பலகையை மூடச் சொன்னது. மாலையானதும் வழக்கம்போல எண்ணெயும் நிலக்கரியும் எரிந்தன.

பகலின் மிச்சத்தை இரவுக்கு வைக்க ஒரு பாத்திரம் இல்லை என்பதுதான் இதன் பொருள். அந்தப் பாத்திரத்துக்கு வேண்டிய காரீயம் கண்டியிலிருந்து ஒரு காலைப் பயணத் தூரத்தில் நிலத்துக்குள் இருக்கிறது. அதைப் பற்றிய அறிவு பேராதனையிலும் ஹந்தானையிலும் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு படி மட்டும் கட்டப்படவில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு கிராம் செய்தவர் அடுத்து ஒரு கிலோ செய்து பார்க்க ஓர் இடம். பிறகு ஒரு தொன் செய்ய ஒரு கொட்டகை. சுவிற்சர்லாந்திலும் ஜப்பானிலும் சீனத்திலும் இருந்தது இந்த நடுப்படிதான். நம்மிடம் இல்லாததால் மணல் கப்பலேறியது, காரீயம் கப்பலேறியது, அவற்றை ஆராய்ந்த மாணவர்களில் பலர் விமானமேறினார்கள்.

தேயிலைக்கு அந்தப் படி இந்த மலைகளில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டது. கொழுந்து பறித்த மறுநாளுக்குள் அதே மலையில் வாடி, நசுங்கி, புளித்து, உலர்ந்து தூளாகிவிடும். பச்சைக் கொழுந்தைக் கப்பலேற்ற யாரும் நினைத்ததில்லை, ஏனென்றால் அது வழியில் அழுகிவிடும். காரீயம் அழுகாது, கருமணல் அழுகாது. அதனாலேயே அவசரமின்றி அவற்றை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஹந்தானை வீதியின் உச்சியில், நூதனசாலையாகிவிட்ட அந்தப் பழைய தொழிற்சாலையில், கொழுந்து உருட்டிய இயந்திரங்கள் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் இறங்கி வரும் வழியில் அந்த நிறுவனத்தின் வாசலையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

அடுத்த இதழில் கஹட்டகஹவுக்குப் போகிறோம். 2,000 அடி ஆழம் வரை இறங்கும் அந்தச் சுரங்கத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை செய்தவர்களின் கதை.

(தொடரும்)